சொல்லும் தொற்றும்: எச்.ஐ.வி. பற்றிய எமது எழுத்துமுறை குறித்து ஒரு விமரிசன நோக்கு

1

நோய் உடலிலே தோன்றுவது. நோயின் பெயரோ சமூகத்திலே தோன்றுவது. இவ்விரண்டும் வெவ்வேறு வரலாறுகளை உடையவை. ஒன்றிற்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் மற்றையது நீடித்து நிற்றல் கூடும். எச்.ஐ.வி. பற்றித் தமிழில் எழுதப்பட்டுவரும் விழிப்புணர்வு எழுத்துக்களை இவ்வேறுபாட்டினை மனங்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2016 ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். ஒரு சிறுவனின் தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தி பரவியது. அச்சிறுவனைச் சேர்த்துக்கொள்ளப் பாடசாலைகள் தயங்கின. சேர்த்துக்கொண்டவிடத்து ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். பரிசோதனையில் அச்சிறுவனுக்கு எச்.ஐ.வி. தொற்று இல்லை என்பது உறுதியாயிற்று. எனினும் வதந்தி தணியவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. எச்.ஐ.வி. காரணமாக எந்தப் பிள்ளையினதும் கல்வியுரிமை தடைப்படலாகாது என்பதும், அத்தகைய மாணவரின் மனித கண்ணியம் பாதுகாக்கப்படவேண்டும் என்பதும் 2016 ஏப்ரலில் அந்நீதிமன்றத்தின் முன்னிலையில் நிலைநாட்டப்பட்டன.

இச்சம்பவத்திலே கவனிக்கத்தக்கது யாதெனில், அங்கு வைரசு இருக்கவில்லை. சொல் மாத்திரமே இருந்தது. வைரசு செல்லாத இடத்திற்கும் சொல் சென்றது. ஒரு குழந்தையைப் பாடசாலை வாயிலிற் தடுத்து நிறுத்தியது. அப்பெற்றோர் அறிவற்றோர் எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால் எயிட்ஸ் பற்றி அவர்கள் எதனையும் அறியாதிருந்தனர் எனல் பொருந்தாது. பல ஆண்டுகளாகச் சுவரொட்டிகளும் துண்டுப் பிரசுரங்களும் பத்திரிகைக் கட்டுரைகளும் அவர்களுக்குக் கற்பித்தவற்றையே அவர்கள் அறிந்திருந்தனர். எனவே எமது விமரிசனம் அப்பெற்றோரை நோக்கியதன்று. அவர்களுக்கு எழுதியோரை நோக்கியது. அவ்வெழுதியோருள் நாமும் அடங்குவோம்.

2

நோயை அந்நியன் மீது சுமத்தும் வழக்கம் எமக்குப் புதியதன்று. தமிழில் ‘பறங்கிப்புண்’ என்ற சொல் சிபிலிசு எனப்படும் கிரந்திநோயைக் குறித்தது. இலங்கையிலோ ‘பறங்கி’ என்ற பெயர் வேறொரு நோய்க்கு வழங்கியது. 1881 இல் காலனித்துவ அரசின் பிரதம வைத்திய அதிகாரியாகிய கின்சி, ‘இலங்கையின் பறங்கி நோய்’ பற்றி ஓர் அறிக்கையினை எழுதினார். நவீன மருத்துவம் அதனை ‘யோஸ்’ என அழைக்கும். அது பாலுறவால் பரவும் நோயன்று; வறுமையும் நெருக்கமான வாழிடமும் சுகாதார வசதியின்மையும் நிலவிய கிராமங்களிலே பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றிய தோல்நோய். பெயர் போர்த்துக்கேயரைச் சுட்டியது. நோயோ ஏழைக் குழந்தையின் காலில் இருந்தது. பெயர் காட்டும் திசையும் காரணம் இருக்கும் திசையும் வேறாதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சரியாக நூறாண்டுகளின் பின்னர் அதே தவறு வேறோரிடத்தில் நிகழ்ந்தது. 1981 ஜூன் 5 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிலையம் வெளியிடும் வாராந்த அறிக்கையிலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் ஐந்து இளைஞர்களிடம் காணப்பட்ட அரியவகை நிமோனியா பற்றிய குறிப்பு வெளிவந்தது. அவர்கள் தன்பாலுறவினர். உடனே அந்நோயைத் தன்பாலுறவினருக்கே உரியதெனச் சுட்டும் பெயரொன்று வழங்கலாயிற்று. இரத்தம் உறையாமை நோயுடையோரிடமும், ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றுவோரிடமும், பெண்களிடமும், குழந்தைகளிடமும் அதே நோய் காணப்பட்டபோது அப்பெயர் பொய்த்தது. 1982 இல் எயிட்ஸ் என்ற பெயர் அதனிடத்தைப் பெற்றது. 1983 இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொன்ரனியேயும் அவர்தம் குழுவினரும் வைரசைப் பிரித்தறிந்தனர். அதற்காக அவ்விருவரும் 2008 இல் நோபல் பரிசு பெற்றனர். மனித நிர்ப்பீடனக் குறைபாட்டு வைரசு, அதாவது எச்.ஐ.வி., என்ற பெயர் 1986 இல் நிலைபெற்றது. ஆக, ஐந்தாண்டுக் காலத்துள் விஞ்ஞானம் தன் பெயரைத் திருத்திக்கொண்டது. மக்கள் வழக்கோ முதற்பெயர் தந்த பொருளிலேயே தங்கிவிட்டது.

3

எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எயிட்ஸ் என்பது அக்கிருமியாற் காலப்போக்கில் விளையும் நிலையின் பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே எமது எழுத்துக்களின் முதற்குறை.

இவ்வைரசு உடலின் நோயெதிர்ப்புக்குத் தலைமை தாங்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்களுட் புகுகின்றது. தனது ஆர்.என்.ஏ. வடிவிலான மரபுச் செய்தியை டி.என்.ஏ. ஆக மாற்றி, அக்கலத்தின் மரபுப் பொருளோடு இணைத்துவிடுகின்றது. பின்னர் அக்கலமே வைரசை உற்பத்தி செய்யும் பட்டறையாகின்றது. சிகிச்சை இல்லாதவிடத்து, பல ஆண்டுகளில் சீ.டி.4 எனப்படும் அக்கலங்களின் எண்ணிக்கை குறைந்துசெல்லும். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் அது 200 இற்குக் கீழே வீழும்போதோ, காசநோய் முதலிய குறித்த சில நோய்கள் பற்றும்போதோ அந்நிலை எயிட்ஸ் எனப்படும். தொற்றுக்கும் அந்நிலைக்கும் இடையிலான காலத்தில் அவர் பார்வைக்கு முழுநலமுடையவரே. ஆகவே முகத்தைப் பார்த்து எச்.ஐ.வி.யை அறிதல் எவர்க்கும் இயலாது. பரிசோதனை ஒன்றே வழி. தொற்று நிகழ்ந்த முதற்சில வாரங்களில் அப்பரிசோதனையிலும் அது புலப்படாதிருத்தல் கூடும். எனவே வைத்தியர் கூறும் இடைவெளியில் மீண்டும் பரிசோதித்தல் அவசியமாகும்.

குருதி, விந்து, யோனித் திரவம், மலக்குடற் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் மூலமே இது கடத்தப்படுகின்றது. பாதுகாப்பற்ற பாலுறவு, பலர் பகிரும் ஊசி, பரிசோதிக்கப்படாத குருதி, கருவுற்ற காலத்திலும் பிரசவத்திலும் பாலூட்டும்போதும் தாயிடமிருந்து சேய்க்குச் செல்லுதல் என்பன வழிகள். கைகுலுக்கல், ஒரே கோப்பையில் தேநீர் அருந்துதல், இருமல், நுளம்புக்கடி, ஒரே வாங்கில் அமர்தல் ஆகியவற்றால் இது பரவாது. 2016 இல் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திய பெற்றோர் அறிந்திருக்கவேண்டியது இவ்விறுதி வாக்கியம் ஒன்றே. துண்டுப் பிரசுரங்களில் அது இல்லாமலில்லை. ஆனால் அதன் மேலே மண்டையோட்டின் படம் இருந்தது. படத்தைக் கண்டவர் வாக்கியத்தை நம்புவதெங்ஙனம்?

4

இங்கு அச்சத்தின் மொழி பற்றிய வினா எழுகின்றது. அது தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1987 இல் ஒஸ்ரேலியத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்ட விளம்பரமொன்றில், அரிவாள் ஏந்திய மரண உருவம் பந்தை உருட்டி மனிதரைக் கட்டைகளாக வீழ்த்தியது. அதே காலத்திற் பிரித்தானிய அரசின் விளம்பரம் கல்லறைக் கல்லொன்றில் நோயின் பெயரைச் செதுக்கிக் காட்டியது. அவ்வியக்கங்கள் பயனற்றவை எனக் கூறமாட்டோம். பிரித்தானிய அரசு வீடுதோறும் அனுப்பிய பிரசுரம் ஆணுறை பற்றி வெளிப்படையாகப் பேசியது. அது அன்று துணிவான செயல். ஆயினும் அம்மரண உருவம் யார் என்ற வினாவிற்குப் பார்வையாளர் பலர் கண்ட விடை, வைரசு என்பதன்று, நோயாளி என்பதே.

தமிழில் இவ்வச்சம் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்ற தொடரில் உறைந்துவிட்டது. 1980 களிலே இத்தொடர் பொய்யன்று. 1987 இல் முதல் மருந்தாகிய ஏ.இசற்.ரி. வந்தபோதும் அது மரணத்தைச் சிறிது தள்ளிப்போட்டதேயன்றி வேறில்லை. ஆனால் 1996 இற்குப் பின்னர், பல மருந்துகளை ஒருங்கே வழங்கும் கூட்டுச் சிகிச்சை இந்நிலையை மாற்றிவிட்டது. உரிய காலத்தில் சிகிச்சை தொடங்கி ஒழுங்காகத் தொடர்பவர் இன்று ஏனையோருக்கு ஏறக்குறைய ஒப்பான ஆயுளை எதிர்பார்க்கலாம். நீரிழிவைப் போன்று, வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும் நிலையாக அது மாறியுள்ளது. பொருள் மாறிய பின்னரும் சொல்லை மாற்றாதிருப்பது எழுத்தாளனின் சோம்பல் மாத்திரமன்று. அதனால் உயிரிழப்பு நேர்கின்றது. ‘கொல்லி’ எனப்படும் நோய்க்கு எவன் தானாக முன்வந்து பரிசோதனை செய்துகொள்வான்? தீர்ப்பு மரணமெனில் வழக்கை ஒத்திப்போடுவதே மனித இயல்பு. அவ்வாறு ஒத்திப்போடுபவரே சிகிச்சையின்றி நோயுற்று இறக்கின்றனர். அறியாமலே பிறர்க்கும் தொற்றைக் கடத்துகின்றனர். அச்சத்தால் நோயைத் தடுக்க முனைந்த எழுத்து, நோய் பரவுவதற்கே துணைபோகும் முரண் இதுவாகும். 1978 இலும் 1989 இலும் வெளிவந்த தம் இரு நூல்களில் சூசன் சொன்ராக், நோயின் மீது ஏற்றப்படும் உருவகங்கள் நோயாளியின் மீதே வந்து வீழ்வதை ஆராய்ந்தார். தமிழில் அவ்வாராய்ச்சி இன்னும் முழுமையாக மேற்கொள்ளப்படவில்லை என்றே கூறவேண்டும்.

5

அச்சத்தின் மொழியிலும் ஆழமாக வேரோடியது ஒழுக்கத்தின் மொழி. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற வாசகம் எயிட்ஸ் சுவரொட்டிகளிலே பெரிதும் கையாளப்பட்டது. ‘பால்வினை நோய்’ என்ற சொல்லிலும், ‘வினை’ என்பது செயல் என்ற பொருளோடு நில்லாது, செய்த வினையின் பயன் என்ற தொனியையும் கொள்கின்றது என்பது எமது கருத்து.

1986 இல் சென்னையிலே வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் மூலமே இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. குருதி மாதிரிகள் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டன. தொற்றுக் காணப்பட்ட அறுவரும் பாலியல் தொழிலாளர். ஆய்வாளரின் பணி போற்றத்தக்கது. பொதுப்பேச்சு அதனை எடுத்துக்கொண்ட முறையே எமது விமரிசனத்திற்குரியது. அப்பேச்சில் பெண் நோயின் ஊற்றாகவும், ஆண் அவ்வூற்றிற் தவறி வீழ்ந்தவனாகவும் சித்திரிக்கப்பட்டனர். அப்பெண்களுக்குத் தொற்றைக் கொணர்ந்தவர் எவர் என்ற வினாவிற்கு அப்பேச்சில் இடமிருக்கவில்லை. இலக்கண நோக்கிற் கூறின், ஆண் அவ்வாக்கியங்களின் எழுவாயாக வரவில்லை.

விளைவு யாது? பின்னர் தென்னிந்தியாவிலே தொற்றுக்குள்ளான பெண்களைப் பற்றிச் செய்யப்பட்ட, 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் கணவர் ஒருவரோடு மாத்திரமே உறவுகொண்டவர் என்பதைக் காட்டிற்று. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற வாசகத்தை இப்பெண்கள் எழுத்துக்கு எழுத்து கைக்கொண்டனர். அது அவர்களைக் காக்கவில்லை. ஏனெனில் பாதுகாப்பு என்பது ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று. ஆணுறை அணியுமாறு கணவனிடம் கேட்கும் அதிகாரம் மனைவிக்கு உண்டா என்பதைப் பொறுத்தது. இவ்வினா பெண்ணின் பொருளாதார நிலையையும் குடும்பத்தின் அமைப்பையும் பற்றியது. ஒழுக்க வாசகம் இவ்வினாவையே மறைத்துவிட்டது. அத்துடன், கணவனிடமிருந்து தொற்றுப்பெற்ற மனைவி ஒழுக்கக்கேட்டின் சின்னத்தையும் சேர்த்தே சுமக்கவேண்டியவளானாள்.

2000 களின் தொடக்கத்திலே தமிழ்நாட்டிற் பரவலாகப் பேசப்பட்ட ‘புள்ளிராஜா’ விளம்பரம் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. மண்டையோட்டினை விடுத்து, புள்ளிராஜா என்ற கற்பனை மனிதனுக்கு எயிட்ஸ் வருமா என வினா எழுப்பியமை அதன் சிறப்பு. தேநீர்க்கடையிலும் பேருந்திலும் ஆண்கள் இவ்விடயத்தை வாய்விட்டுப் பேசலாயினர். ஆணை எழுவாயாக்கியது என்ற வகையிலும் அது ஒரு முன்னேற்றமே. ஆனால் அப்பெயர் விரைவில் கேலிச்சொல்லாயிற்று. மக்கள் நினைவில் எஞ்சியது புள்ளிராஜாவே அன்றி, அவனைப் போன்றோரின் மனைவியர் அல்லர்.

6

முற்போக்காளராகிய நாம் எம்மையும் இவ்விமரிசனத்திற்கு உட்படுத்தவேண்டும். 1983 ஜூலையில் புதுதில்லியின் ‘பேட்ரியட்’ பத்திரிகையில், இவ்வைரசு அமெரிக்க இராணுவ ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது எனக் கூறும் பெயரிலிக் கடிதமொன்று வெளியாயிற்று. 1985 முதல் சோவியத் பத்திரிகைகள் அதனை உலகெங்கும் பரப்பின. அது சோவியத் உளவுத்துறையின் திட்டமிட்ட பொய்ப்பிரசாரம் என்பது பின்னர் வெளியாயிற்று. உண்மையில் எச்.ஐ.வி. மத்திய ஆபிரிக்காவின் சிம்பன்சிக் குரங்குகளிடமிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மனிதரை வந்தடைந்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பெயரால் அப்பொய்யை நம்பியோர் பலர். தென்னாபிரிக்காவிலே இதனினும் பாரிய அவலம் நேர்ந்தது. எயிட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி. காரணமா என ஐயம் எழுப்பிய ஜனாதிபதி தாபோ உம்பெக்கியின் அரசு, சிகிச்சையைத் தாமதப்படுத்தியது. 2000 முதல் 2005 வரையான காலத்தில் அதனால் 330,000 இற்கு மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டன என 2008 இல் ஹார்வார்ட் ஆய்வாளர் மதிப்பிட்டனர். மேலாதிக்கத்தின் மீது கொள்ளும் நியாயமான ஐயம், விஞ்ஞானத்தின் மீது கொள்ளும் ஐயமாகப் பிறழுமாயின், அதன் விலையைச் செலுத்துவோர் உழைக்கும் மக்களே.

உண்மையான வர்க்க வினா வைரசின் பிறப்பில் இருக்கவில்லை. மருந்தின் விலையில் இருந்தது. கூட்டுச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டொன்றிற்கு 10,000 டொலரும் அதற்கு மேலும் அறவிடப்பட்ட காலத்தில், மருந்து வடக்கிலும் நோயாளர் தெற்கிலும் இருந்தனர். மலிவு மருந்துக்கு வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்துத் தென்னாபிரிக்க அரசின் மீது 39 மருந்துக் கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டுச் சிகிச்சையை ஆண்டொன்றிற்கு 350 டொலருக்கு வழங்க முன்வந்தது. மருந்துப் பொருள்களுக்குக் காப்புரிமை வழங்காத இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுச் சட்டமே அதனைச் சாத்தியமாக்கியது. மக்கள் இயக்கங்களின் எதிர்ப்பின் முன்னால், 2001 ஏப்ரலில் கம்பனிகள் வழக்கைக் கைவிட்டன. ‘உயிர்க்கொல்லி’ என்ற சொல் அக்காலத்தில் எவருக்கேனும் பொருந்துமாயின், அது அவ்விலைக்கே பொருந்தும்.

7

தடுப்புப் பற்றிய இன்றைய அறிவு எமது சுவரொட்டிகளைக் கடந்து வெகுதூரம் சென்றுவிட்டது. ஆணுறையை முறையாகவும் ஒவ்வொரு முறையும் பயன்படுத்தல், தூய ஊசி, பரிசோதிக்கப்பட்ட குருதி ஆகியன இன்றும் அடிப்படையானவை. தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடும் என ஐயுறுபவர் 72 மணித்தியாலத்துள் மருந்து தொடங்கி 28 நாட்கள் உட்கொண்டால் தொற்றினைத் தவிர்க்கும் வாய்ப்பு மிக அதிகம். விரைவே இங்கு முக்கியம். தொற்றில்லாதவர் முற்காப்பாக உட்கொள்ளும் மாத்திரை 2012 முதல் பாவனைக்கு வந்தது. ஆண்டிற்கு இருமுறை மாத்திரம் ஏற்றப்படும் லெனகபவிர் என்ற ஊசிமருந்து 2025 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைத்தது. அதன் விலை பற்றிய போராட்டம் 2001 ஆம் ஆண்டின் தொடர்ச்சியே.

இவற்றுள் தலையாயது சிகிச்சையே தடுப்பாதல் என்ற உண்மையாகும். சிகிச்சையை முற்படத் தொடங்கினால் இணையருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகின்றது என்பதை ஒன்பது நாடுகளில் நடைபெற்ற ஆய்வொன்று 2011 இல் நிறுவியது. குருதியில் வைரசின் அளவு கண்டறியமுடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு மூலம் தொற்றுப் பரவுவதில்லை என்பது 2019 இல் வெளிவந்த ஆய்வினால் உறுதிப்பட்டது. அதிற் பங்குபற்றிய 782 இணையருள் ஒருவரேனும் தம் துணைவரிடமிருந்து தொற்றினைப் பெறவில்லை. நோயாளியை விலக்கிவைப்பதன்று, அவரை அணைத்துச் சிகிச்சைக்கு உட்படுத்துவதே சமூகத்தைக் காக்கும் என்பது இதன் பொருள். மனிதாபிமானமும் விஞ்ஞானமும் இங்கு ஒரே வாக்கியத்தைக் கூறுகின்றன.

இதற்கான சான்று எமது நாட்டிலேயே உண்டு. இலங்கையர் ஒருவருக்குத் தொற்று முதன்முதலாக 1987 இல் அறியப்பட்டது. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவுற்ற தாய்மாரைப் பரிசோதித்துச் சிகிச்சையளிக்கும் திட்டத்தின் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை இலங்கை ஒழித்துவிட்டது என 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சிகிச்சையின்றேல் நூற்றுக்கு 15 முதல் 45 வரையான சேய்களுக்குக் கடத்தப்படக்கூடிய தொற்று அது. குடும்பநல மருத்துவமாதர் வீடுவீடாகச் சென்று பெற்ற இவ்வெற்றி, சுவரொட்டியின் மண்டையோட்டினாற் கிடைத்ததன்று. இலவச சுகாதார சேவையினாற் கிடைத்தது.

ஆனால் தாய்க்குத் திறந்த கதவு எல்லோர்க்கும் திறக்கவில்லை. பாலியல் தொழிலாளர் மீது பாயும் நாடோடிகள் கட்டளைச் சட்டமும், தன்பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவுகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலனித்துவம் விட்டுச்சென்றவை. தன்பாலுறவைக் குற்றநீக்கம் செய்யும் சட்டமூலம் அரசியலமைப்பிற்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. பொலிசுக்கு அஞ்சுபவன் சிகிச்சை நிலையத்தின் வாயிலுக்கு வரமாட்டான். எனவே சட்டச் சீர்திருத்தமும் தொற்றுத் தடுப்பின் ஒரு பகுதியே.

ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2023 இல் உலகில் 3 கோடியே 99 இலட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தனர், அவ்வாண்டில் 630,000 பேர் இறந்தனர். மருந்து இருந்தும் நேர்ந்த மரணங்கள் இவை. எழுத்தாளனால் மருந்து தயாரிக்கமுடியாது. ஆனால் மருந்தை நோக்கிச் செல்பவனின் வழியில் கிடக்கும் சொற்களை அகற்றமுடியும். ‘உயிர்க்கொல்லி’ என எழுதும் இடத்தில் ‘எச்.ஐ.வி.’ என எழுதுவோம். ‘எயிட்ஸ் நோயாளி’ என்னுமிடத்தில் ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்’ என்போம். ‘இத்தகையோருக்கு வரும்’ என்பதை விடுத்து ‘இவ்வழியாற் பரவும், இவ்வாறு தடுக்கலாம்’ என்போம். இவை சிறு திருத்தங்களே. ஆயினும் 2016 இல் பாடசாலை வாயிலில் நின்ற அச்சிறுவனைத் தடுத்தது ஒரு சொல்லே என்பதை நாம் மறத்தலாகாது.